தையல் யந்திரமும் அதைப் பழுதுபார்ப்பவரும்

பாட்டி காலத்துத் தையல் யந்திரம் ஒருநாள் துணிக்கு அடியில் நூலைப் பந்து பந்தாகச் சுருட்டிவைத்துவிட்டு மேற்கொண்டு தைக்க மறுக்குமானால், அதை எந்தக் கடையில் நம்பிக் கொடுப்பது என்று விசாரிக்கப் புறப்படுவதற்கு முன், அது எவ்விதம் தைக்கிறது என்பதைச் சற்றே தெரிந்துகொள்வது நலம். கடைக்காரரின் யோக்கியதையை அளக்க எனக்குத் தெரிந்த உபாயம் அது ஒன்றுதான்.

கையூசிக்குத் தலையில் காது. யந்திர ஊசிக்கோ முனையில். நூலோடு துணியைத் துளைத்து அடிமட்டம் வரை இறங்கிய ஊசி, ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் மேலே திரும்பியதும், துணியின் பிடியில் அகப்பட்ட நூல் கூடவே ஏற இயலாமல் பக்கவாட்டில் ஒரு சிறு வளையமாகப் புடைக்க, அந்த க்ஷணத்தில் ஷட்டிலின் கொக்கி வந்து வளையத்தைப் பற்றி, கீழ்நூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கடத்திவிடுகிறது. ஷட்டில் எந்த அச்சிலும் இறுகப் பிணைக்கப்படாமல், தன் குழிக்குள் சற்று இடைவெளியோடு அமர்ந்திருப்பதால்தான் நூலுக்கு அவ்வாறு சுற்றிவர வழி கிடைக்கிறது. 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற யந்திரத்திலும் முனையில் காதுள்ள ஊசி, ஷட்டில் என்னும் இவ்விரண்டின் கூட்டுறவே பிராணன்.

சுற்றிவந்த நூல் மேலே இழுபடும்போது அதை இறுகச் செய்வது மேல்நூலின் டென்ஷன். ஆகையால் சிக்கு துணியின் அடியில் தோன்றினாலும் குற்றம் பெரும்பாலும் மேலேதான். அழுத்துகாலை இறக்கிவைத்தபடியே நூல் கோத்தால், டென்ஷன் தகடுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றினிடையே புகாமல் வெளியிலேயே தங்கிவிடுகிறது. காலைத் தூக்கிக் கோத்தால் தீர்ந்துபோகும் வியாதி! இதே சிக்குக்காக ஒரு கடையில் என்னிடம் ஷட்டிலையே மாற்றவேண்டும் என்று சொன்னார்கள். நானும் அப்போது நம்பினேன்.

நல்ல மெக்கானிக் முதலில் ஊசியைக் கழற்றிப் பார்ப்பார். வளைந்த ஊசி, தட்டைப் பக்கம் மாறிப் பொருத்திய ஊசி, துணிக்குப் பொருந்தாத நம்பர் ஊசி ஆகியவற்றால்தான் அநேகமாகத் தையல் விட்டுவிட்டு விழுகிறது. (பதினாறாம் நம்பர் என்பது ஒரு மில்லிமீட்டர் கனம்.) பிறகு துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியில் இறுகிய பஞ்சைத் தோண்டி எடுப்பார். நம் வீடுகளில் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் வேறு உண்டு. அது நாளடைவில் பிசினாகி மிதியைக் கனக்கச் செய்துவிடும். அதைக் கண்டால், மண்ணெண்ணெய் விட்டுச் சிறிது ஓட்டித் துடைத்தபின் மிஷின் எண்ணெய் இடுவார். இவற்றில் ஒன்றையும் பாராமல், "ஸ்பேர் கிடைக்காது, புதிது வாங்குங்கள்" என்று தொடங்குகிறவரிடம் யந்திரத்தை விட்டுவர வேண்டாம். பழைய கறுப்பு இரும்பு யந்திரங்களுள் பல, கம்பெனி வேறானாலும், சிங்கரின் ஒரே மாதிரியைப் பின்பற்றியவை. பாபினும் பாபின் கேஸும் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும்.

எந்தக் கடை என்பதை, நாள் முழுதும் மிதிக்கும் தையற்காரரிடம் கேட்பதே உசிதம். ஒருநாள் வேலை நின்றால் அவருக்குக் கூலி நஷ்டம். யந்திரத்தைத் திரும்பப் பெறும்போது மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் கோத்து, நீங்கள் கொண்டுபோன மல் துணியிலும் தடித்த ஜமுக்காளத் துண்டிலும் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தால் மேல்நூல் தளர்ச்சி. மேற்பக்கத்தில் வெள்ளை தெரிந்தால் இறுக்கம். அரைச் சுற்றுத் திருகில் சரியாகக்கூடியதுதான். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே அதைத் திருகச் சொல்லிவிடலாம்.