ரெலோஹும் ஓரையும்

ஸ்பானிய மொழியில் காலங்காட்டும் கருவிகள் அனைத்திற்கும் 'ரெலோஹ்' என்பதே பொதுப்பெயர். நிழலால் அளப்பது, மணலால் அளப்பது, மணிக்கட்டில் அணிவது ஆகிய யாவும் அச்சொல்லுடன் ஓர் அடைபெற்று வழங்கும். ஈற்று மெய் பேச்சில் பெரும்பாலும் தேய்ந்து 'ரெலோ' என்றே ஒலிக்கும்.

இதன் மூலம் 'ஹோரோலோகியும்' என்னும் லத்தீன் சொல். அதுவும் கிரேக்கத்தினின்று வந்ததே. 'ஹோரா' என்பது பொழுது. பின்னுறுப்பு சொல்லுதல் என்னும் பொருளது. எனவே 'பொழுது சொல்வது' என்பது சொற்பொருள். பழங்கத்தலான் மொழி வழியே ஸ்பெயினுட் புகுந்தபோது அச்சொல் தலையை இழந்தது. டச்சு வழியாகக் கீழ்நாடு வந்த கிளையோ தலையை முற்றும் இழவாது, சிங்களத்தில் 'ஒரலோசுவ' எனவும், இந்தோனேசியத்தில் 'அர்லோஜி' எனவும் நிற்கிறது.

தமிழ் மரபு வேறு. இங்குப் பொழுதுப்பெயர்கள் அளக்குங் கலத்தைப் பற்றிப் பிறந்தன. நாழிகைக்கு நாழியும், கடிகாரத்திற்குச் சிறுகுடம் எனப் பொருள்படும் வடசொற் கடிகையும் அடி. ஒரு நாழிகை 24 நிமிடம். 60 நாழிகை ஒரு நாள். பெரணமல்லூர்த் தறிமனைகளில் 'மணி பார்' என்பரேயன்றிக் 'கடிகாரம் பார்' என்பார் அரியர். மணியோசை பொழுதுக்குப் பெயராயிற்று. ஆங்கிலக் 'கிளாக்' என்பதும் மணியைக் குறித்த இடைக்கால லத்தீன் சொல்லின் வழியதே.

ஆயினும் ரெலோஹின் இழந்த தலை நம்மிடம் உளது. சோதிடர் கூறும் 'ஓரை', வடமொழி 'ஹோரா' வழிவந்த அக்கிரேக்கச் சொல்லே. வராகமிகிரரோ, 'அஹோராத்ர' என்பதன் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் கெட்டு 'ஹோரா' ஆயிற்றென்பாரும் உளர் எனக் குறித்தார். இயைபு இனிதே, வரலாறு அன்று.

தொல்காப்பியக் களவியலில் 'ஓரை' நாளோடு சேர்த்துக் கூறப்படுகிறது. இதனைக் கிரேக்கக் கடன் எனக் கொண்டு நூலின் காலத்தைப் பின்தள்ளினார் வையாபுரிப்பிள்ளை. சங்கச் செய்யுளில் ஓரை மகளிர் விளையாட்டாதலின் அது தமிழ்ச்சொல்லே என மறுத்தோர் பலர். மறுப்பு வலுவுடையதன்று, விளையாட்டு ஓரை நாளோடு இயையாது. ஆனால் ஒரு சொல்லின் வரவு ஒரு நூற்பாவின் காலத்திற்குச் சான்றாகலாம்; நூல் முழுவதற்கும் ஆகாது. மேலும், யவனர் தொடர்பு தமிழகத்திற்குத் தொன்மையானது. முல்லைப்பாட்டின் பாசறையில் யவனர் காவல் செய்கின்றனர். அங்கேயே நாழிகைக் கணக்கர் குறுநீர்க் கன்னலால் பொழுதறிந்து அரசனுக்கு உரைக்கின்றனர். யவனர் அருகிருந்தும் அவர் பயன்படுத்துஞ் சொல் கன்னலே, ஓரை அன்று.