தோட்டக் கணக்கைக் கணினியில் அமைப்பது எப்படி?

தோட்டத்தில் ஒரு நாள் வேலை எவ்வாறு எழுத்தாகிறது என்பதை நம் வாசகர்கள் நன்கறிவர். விடியுமுன் பிரட்டில் பெயர் பதிவாகிறது. வெட்டு முடிந்து, மங்குகளில் சேர்ந்த பால் வாளிகளில் ஸ்டோருக்கு வந்ததும் எடை எழுதப்படுகிறது. பாலைச் சோதித்து, அதில் உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதும் குறிக்கப்படுகிறது. மாத முடிவில் கிராணி இவற்றைக் கூட்டிப் பெருக்கிச் சம்பளக் கணக்காக்குகிறார்.

இக்கணக்கைச் செய்யும் கணினி நிரலைப் பெரிய நிறுவனங்களே எழுத முடியும் என்னும் எண்ணம் நம்மவரிடையே பரவலாக உள்ளது. ஐந்தாம் படிவம் முடித்து, கணக்குப் பாடத்தில் அச்சமில்லாத ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ, சில மாத உழைப்பில் இதனைச் சிறிய அளவில் தாமே அமைக்கக்கூடும் என்பது நம் கருத்து. அதற்கென்றே தரவுத்தளக் கருவிகள் இருக்கின்றன. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஆக்சஸ் அவற்றுள் ஒன்று. அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கற்கத் தொடங்குபவர் முதல் வாரம் கணினியைத் திறக்க வேண்டுவதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். எந்தெந்தச் செய்திகளை எந்தெந்த அட்டவணையில் எழுதுவது என்பதைத் தாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் ஒரே நீண்ட அட்டவணையில் பெயர், நாள், எடை, விழுக்காடு, சம்பளம் ஆகிய அனைத்தையும் வரிக்கு வரி எழுதிவிடுகின்றனர். இதில் வரும் கேட்டைப் பாருங்கள். ஒரு வரியில் ‘முனியம்மா’ என்றும் மறுவரியில் ‘முனியம்மாள்’ என்றும் எழுதினால், கணினி அவரை இரு வேறு ஆட்களாகவே கருதும். அதே பெயருடைய இருவர் ஒரே தோட்டத்தில் இருப்பின், இருவரையும் ஒருவராக்கிவிடும். ஒருவர் வெட்டிய பாலுக்கு மற்றவர் சம்பளம் பெறும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

ஆகவே தொழிலாளர்க்கென ஓர் அட்டவணை தனியே வேண்டும். அதில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து, பெயரை ஒருமுறை மட்டும் எழுத வேண்டும். கடப்பிதழ் எண்ணையே இதற்குப் பயன்படுத்தலாமே என்று சிலர் நினைப்பர். வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர் கடப்பிதழைப் புதுப்பிக்கும்போது அந்த எண் மாறிவிடும். நாமே கொடுக்கும் எண்தான் மாறாது நிற்கும்.

இரண்டாவது, தினப்பதிவு அட்டவணை. தொழிலாளர் எண், நாள், நிரை, பாலின் எடை, உலர் ரப்பர் விழுக்காடு ஆகிய ஐந்தும் இதில் இருந்தால் போதும். உலர் ரப்பரின் எடையை எழுதி வைக்கக் கூடாது. 24 கிலோ பாலில் 33 விழுக்காடு என்றால் 7.92 கிலோ என்று கருவியே பெருக்கிக் காட்டும். விழுக்காடு தவறாகப் பதிந்ததென்று மறுநாள் 35 எனத் திருத்தினால், அது தானாகவே 8.40 ஆகிவிடும். எழுதி வைத்திருந்தாலோ பழைய 7.92 அப்படியே கிடந்து, ஏட்டின் ஒரு மூலை மற்றொரு மூலையோடு முரண்படும்.

மூன்றாவது அட்டவணையில் பலர் இடறுகின்றனர். அது விகிதங்களுக்கான அட்டவணை. ஊழியர் சேமநிதியில் தொழிலாளர் பங்கு 2020 ஏப்ரல் முதல் அவ்வாண்டு இறுதிவரை 7 விழுக்காடாகவும், 2021 ஜனவரி முதல் 2022 ஜூன் வரை 9 விழுக்காடாகவும் இருந்து, 2022 ஜூலையில் மீண்டும் 11 விழுக்காடானது. விரும்பியவர்கள் இடையிலும் 11 விழுக்காட்டையே தொடர இடமிருந்தது. நிரலுக்குள்ளே 11 என்று எழுதிவிட்டால், 2020 டிசம்பர் மாதச் சம்பளச் சீட்டை மறுபடியும் அச்சிடும்போது, அன்று பிடிக்காத பணத்தைப் பிடித்ததாக அது காட்டும். எனவே விகிதத்தோடு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதையும் எழுத வேண்டும்; தாமே விரும்பித் தேர்ந்தவர்க்கு அதனைத் தனியே குறிக்க வேண்டும். (பிடிக்க வேண்டிய சரியான தொகைக்குச் சேமநிதி வாரியத்தின் மூன்றாம் அட்டவணையையே பார்த்தல் வேண்டும்.)

வேலையை விட்டுச் சென்றவரின் பெயரையும் அழித்துவிடலாகாது. விலகிய நாளைக் குறித்தால் போதும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி முதலாளி தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாக்கக் கடமைப்பட்டவர். பழைய பிடித்தம் ஒன்றைப் பற்றித் தொழிலாளர் வினவும்போது விடை கிடைப்பதும் கிடைக்காததும் அட்டவணை அமைந்த விதத்தைப் பொறுத்தது.

செய்திகளை இப்படிப் பிரித்து வைத்து எண்ணால் இணைக்கும் முறையை, 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் விளக்கினார். பின்னர் வந்த டிபேஸ், ஃபாக்ஸ்புரோ முதலிய கருவிகளிலும் அட்டவணைகளே அடிப்படை. ஃபாக்ஸ்புரோவுக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதில் பழகியவர்கள் வேறு கருவிக்கு மாறியபோது, அட்டவணை பிரிக்கக் கற்றது அவர்களுக்கு வீண்போகவில்லை.

அட்டவணைகள் சரியாக அமைந்தபின் எஞ்சியவை எளியவை. ‘இந்த எண்ணுக்குரியவர் மார்ச் மாதம் எத்தனை நாள் வெட்டினார்?’ என்று கேட்பது வினவல். எண்களை உள்ளிடுவதற்குப் படிவம். அதில் உலர் ரப்பர் விழுக்காடு 20க்கும் 50க்கும் இடையில் இருந்தால்தான் ஏற்க வேண்டும் என்று கட்டளையிட்டால், 33ஐ 333 என்று தட்டும் பிழை உள்ளே நுழையாது. இறுதியில் அச்சாவது அறிக்கை. மொத்தத் தொகையை மட்டும் காட்டும் சம்பளச் சீட்டு நமக்கு உடன்பாடன்று. நாள்வாரி எடையும் விழுக்காடும் அதில் இருந்தாலன்றி, பெறுபவர் எதைச் சரிபார்ப்பார்?

ஆக்சஸ் விலை கொடுத்து வாங்க வேண்டியது. விண்டோஸ் கணினியில்தான் இயங்கும். லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள பேஸ் என்னும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. பயில்வதற்கு அதுவே போதுமானது.

தொடக்கத்திலேயே தோட்டம் முழுவதற்குமான கணக்கில் இறங்க வேண்டா. வீட்டில் பால் வெட்டும் இருவரின் பதிவை மூன்று மாதம் நாள் தவறாமல் எழுதி வாருங்கள். மாதந்தோறும் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு கண்டால் முதலில் உங்கள் பதிவைச் சோதியுங்கள். மழையால் வெட்டு நின்ற நாளை வேலை நாளாக எழுதியிருக்கலாம். அப்பொழுதும் கணக்கு ஒவ்வாவிடில், எந்த நாள், எத்தனை கிலோ என்று தாளில் குறித்துக்கொண்டு கிராணியிடம் கேளுங்கள். ஒவ்வொரு மாத இறுதியிலும் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் படியெடுத்துக் கணினி இல்லாத வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள்.