கவிஞர் வரலாறும் ஆவணப்படமும்: ‘இரவீந்திரநாத் தாகூர்’ படத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

புலவர் ஒருவரின் வரலாற்றை அறிதற்குத் தமிழாராய்ச்சியாளர் கொண்டுள்ள கருவிகள் பல. பாயிரமும் பதிகமும், உரையாசிரியர் குறிப்பும், கல்வெட்டும், கடிதமும் அவற்றுட் சில. இருபதாம் நூற்றாண்டு இவற்றோடு ஆவணப்படம் என்னும் ஒன்றையும் சேர்த்தது. ஏனைய சான்றுகளை நோக்குங்கால், மெய்வரலாறு எது, பிற்காலத்தார் கட்டிய கதை எது எனப் பகுத்துக் காண்கின்றோம். திரையிற் கண்டதை மட்டும் அங்ஙனம் பகுத்து நோக்காமல் ஏற்றுக்கொள்கின்றோம். இது முறையன்று. ஆவணப்படத்தையும் ஒரு மூலச்சுவடி போலப் பகுத்துக் கற்றல் வேண்டும் என்பதைச் சத்யஜித் ராய் இயக்கிய ‘இரவீந்திரநாத் தாகூர்’ என்னும் படத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

தாகூர் 1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் பிறந்தவர். அவர்தம் நூற்றாண்டு விழாவினையொட்டி இந்திய அரசின் திரைப்படப் பிரிவு 1961-இல் வெளியிட்டதே இப்படம். கறுப்பு வெள்ளையில் அமைந்தது. 54 நிமிடம் ஓடுவது. ஆங்கில விளக்கவுரையை ராய் தாமே எழுதிப் பேசியுள்ளார். அவர் தாகூருக்கு அயலாரும் அல்லர். பாட்டனார் உபேந்திரகிசோரும் தந்தையார் சுகுமாரும் தாகூரோடு நட்புப் பூண்டிருந்தனர். ராய் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த காலத்திலேதான், 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், தாகூர் மறைந்தார்.

அம்மறைவே படத்தின் தொடக்கமாகின்றது. கல்கத்தாவின் தெருக்களில் மக்கள் வெள்ளத்தினிடையே செல்லும் இறுதி ஊர்வலத்தை முதலிற் காட்டி, அதன்பின் குடும்ப வரலாறு, பிறப்பு, இளமை எனப் படம் பின்னோக்கிச் செல்கின்றது. உடல் மறைந்த பின்னும் எஞ்சுவது எது என்னும் வினாவை எழுப்புதற்கு இவ்வமைப்பு பெரிதும் துணைபுரிகின்றது.

படத்தில் மூவகைப் பொருள்கள் கலந்துள்ளன. நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எடுக்கப்பெற்ற அசையும் படங்கள் ஒரு வகை. இறுதி ஊர்வலம் இதன்பாற்படும். புகைப்படம், கையெழுத்துப்படி, ஓவியம் முதலிய ஆவணங்கள் மற்றொரு வகை. பிற்காலத்து நடிகரைக் கொண்டு அமைத்த காட்சிகள் மூன்றாம் வகை. சோராசாங்கோ இல்லத்தில் வளரும் சிறுவனைக் காட்டும் பகுதி இம்மூன்றாம் வகையினது. அசையும் படக்கலையே தோன்றாத காலத்து இளமையை வேறு எவ்வாறு காட்டுவது? ஆயினும், மூவகையும் ஒரே கறுப்பு வெள்ளையில், ஒரே குரலின் கீழ் வருதலின், காண்போர்க்கு அவற்றின் வேறுபாடு எளிதிற் புலனாவதில்லை.

இவ்வேறுபாடு சிறிதன்று. தாகூரின் இளமைக்கு நமக்குள்ள தலையாய சான்று அவர்தம் நினைவுநூல்களே. அவற்றுள் ‘ஜீவன்ஸ்மிருதி’ 1912-இலும், ‘சேலேபேலா’ 1940-இலும் வெளிவந்தன. முன்னது ஐம்பதை எட்டியவரின் நினைவு. பின்னது எண்பதை அணுகியவரின் நினைவு. எனவே, திரையில் நாம் காணும் சிறுவன் 1860-களுக்கோ 1870-களுக்கோ நேர்ச்சான்று ஆகான். மூலத்தின்மேல் உரையும், உரையின்மேல் விளக்கமும் ஏறியதனை ஒக்கும் அக்காட்சி. உரையைப் பயனற்றதென எவரும் தள்ளார். ஆனால் உரையையே மூலமெனக் கொள்வாரும் இலர்.

படம் எழுந்த சூழலையும் கருதுதல் வேண்டும். அரசு எடுத்த விழாவிற்கெனச் செய்யப்பெற்றமையின், கருத்து வேறுபாட்டிற்கு இடமான செய்திகளை ராய் தவிர்த்தார். மெய்க்கீர்த்தி மன்னனின் தோல்விகளைச் சொல்லாது. அதனால் அது பொய்யாவதில்லை. ஆனால் அதன் நோக்கத்தை அறிந்தே அதனைப் படிக்கின்றோம். ஈண்டும் அவ்விதியே பொருந்தும்.

இனி, இப்படத்தின் தலையாய இயல்பொன்றைக் காண்போம். கவிஞரைப் பற்றிய இப்படத்தில் அவர்தம் கவிதைகள் ஓதப்பெறவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புகள் ராய்க்கு நிறைவளிக்கவில்லை. அவற்றை ஓதின், வங்கமொழி அறியாதார் தாகூரைப் பெருங்கவிஞர் என உணரார் என அவர் கருதினார். 1913-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆங்கிலக் கீதாஞ்சலியின் 103 பாடல்களும், வங்கமொழிச் செய்யுள்களைக் கவிஞர் தாமே ஆங்கில உரைநடையில் ஆக்கியவை என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

கவிதையில்லாத கவிஞர் படம் குறையுடைத்தன்றோ எனின், அற்றன்று. கையெழுத்துப்படியின் அடித்தல்களைக் கோடுகளால் இணைத்து உருவமாக்கிய பழக்கத்திலிருந்து தாகூரின் ஓவியம் வளர்ந்தது. இத்தகைய வளர்ச்சியைச் சொல்லால் விளக்குவதினும் கண்ணாற் காட்டுதல் எளிது. பாட்டின் ஓசையும் பொருளும் அத்தன்மையன அல்ல. அவை அம்மொழியைக் கற்றார்க்கே வாய்ப்பன. தம் கலைக்கு இயல்வதைக் காட்டி, இயலாததைக் காட்டாது விடுத்த இயக்குநரின் செயலை யாம் நேர்மை என்றே கொள்கின்றோம். வாழ்வைப் படம் தரும். பாட்டை நூலே தரும்.

இவ்வுண்மை தமிழ்த்துறையினர்க்கு மிகவும் வேண்டப்படுவது. தாகூரின் சிறுகதைகள் சிலவற்றைத் தமிழில் தந்த பாரதியை எண்ணிப் பார்ப்போம். தாகூரின் உருவம் அசையும் படங்களிலும், குரல் ஒலிப்பதிவுகளிலும் உள்ளன. பாரதிக்கோ அவ்விரண்டும் இல்லை. இன்று அறியப்பெறும் புகைப்படங்களும் ஐந்தே. ராயின் படம் வெளிவந்த அதே 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளிவந்தது, அதில் எஸ். வி. சுப்பையா பாரதியாக நடித்தார். அது கதைப்படம், ஆவணப்படம் அன்று. எனினும், அந்நடிப்பையே பாரதியின் நடையும் பேச்சுமாக நெஞ்சிற் பதித்துக்கொண்டவர் பலர். நேர்ச்சான்று அருகுந்தோறும் நடிப்பு அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே, கவிஞர் பற்றிய படமொன்றை வகுப்பிற் காட்டும் ஆசிரியர், காட்சிதோறும் மூன்று வினாக்களை மாணவரிடம் எழுப்புதல் நலம். இஃது எக்காலத்தில் எடுக்கப்பெற்றது? எச்சான்றின்மேல் நிற்கின்றது? எவர்பொருட்டு எழுந்தது? இவற்றிற்கு விடை கண்டபின் படத்தை நிறுத்தி, கவிஞரின் நூலைத் திறத்தல் வேண்டும். அந்நூலின்பால் மாணவரை ஆற்றுப்படுத்துதலே அத்தகைய படத்தின் பயன் என்க.