வீடா? சானடோரியமா?

அச்சரப்பாக்கத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்வோர், தாம்பரத்துக்கு அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தைக் கடப்பர். சானடோரியம் என்பது, காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பேணும் மருத்துவ இல்லத்தைக் குறிக்கும் சொல். இங்குள்ளதை டாக்டர் சௌரி முத்து 1928-ல் நிறுவினார். 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே சிகிச்சை. நோயாளியைப் பிரித்து வைத்தால் வீட்டாருக்குத் தொற்றாது என்றும் நம்பினர். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ மிகக் குறைவு. மேலும், உழைத்துச் சோறு போடுபவர் ஓராண்டுக் காலம் படுக்கையில் கிடந்தால் வீட்டில் உலை கொதிப்பது எப்படி?

சென்னையில் ஒரு சோதனை

1952-க்குள் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் வந்துவிட்டன. மருந்து இருக்கும்போது சானடோரியம் தேவையா என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை காண 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் சேர்ந்து உழைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று வழிநடத்தினார்.

நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். குலுக்கல் எதற்கு? மருத்துவரே தேர்ந்தெடுத்தால், நலிந்தவர்களை அவர் ஒரு பக்கமே சேர்த்துவிடக்கூடும். அப்போது ஒப்பீடு பிழைபடும். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். இருவருக்கும் மருந்து ஒன்றே. வீட்டிலிருந்தோர் மாத்திரையை உண்மையாகவே விழுங்கினார்களா என்று சிறுநீர்ச் சோதனையாலும், சொல்லாமல் செல்லும் வருகைகளாலும் கண்காணித்தனர்.

முடிவு 1959-ல் வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. இத்தகைய சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம். வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, உழைத்தது அதிகம். எனினும் மருந்து தன் வேலையைச் செய்தது.

வீட்டாருக்குத் தொற்றவில்லையா?

இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் கவனித்தனர். நோயாளியுடன் வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. காரணம் எளிது. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, பல மாத இருமலில் வெளிவந்த நுண்துளிகளை அவர்கள் சுவாசித்துவிட்டனர். சிகிச்சை தொடங்கியபின் சளியில் கிருமிகள் விரைவாகக் குறைகின்றன. ஆகவே அதிகமாகப் பரப்புபவர், மருந்து தொடங்காத நோயாளியே. இம்முடிவுக்குப்பின் உலகெங்கும் வீட்டுச் சிகிச்சை வழக்கமாயிற்று. அம்மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

படுக்கை யாருக்கு?

மருத்துவமனை வேண்டாம் என்பதன்று இதன் பொருள். எழுந்து நிற்க இயலாதவர், மூச்சுத் திணறுவோர், மிகவும் மெலிந்தவர் ஆகியோரைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழகம் 2022-ல் தொடங்கியது. உணவும் பொருட்டல்ல என்று எண்ணிவிடக் கூடாது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், சத்துணவு பெற்ற நோயாளி வீட்டார்க்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

பலர் ஒரே கூடத்தில் உறங்கும் முதியோர் இல்லங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரின் சளியைச் சோதிக்கச் செய்யுங்கள். அவருடைய தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைப்பதில் பயனில்லை; ஜன்னலைத் திறந்து வையுங்கள், மருந்து ஒரு நாளும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.