பிரேக் எண்ணெய் கொதித்தால்...?

காரை வேகமாக ஓட்டுவது பெரிய வித்தை அல்ல. ஓடுகிற காரை நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் வித்தை!

இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சிகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ம் ஆண்டு திறக்கப்பட்ட கார் பந்தயப் பாதை இருக்கிறது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். இது போன்ற பாதைகளில் சொந்தக் காரை ஓட்டிப் பழக விரும்புகிறவர்கள், முதலில் பிரேக்கையும் டயரையும் சரி பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா?

வேகம் எங்கே போகிறது?

பிரேக் போட்டதும் காரின் வேகம் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. அது சூடாக மாறுகிறது. உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்தால் சுடுகிறது அல்லவா? அதே கதைதான். வேகம் 2 மடங்கானால், காரை நிறுத்தும்போது உண்டாகும் சூடு 4 மடங்கு ஆகும்!

தெருவில் ஒரு தடவை பிரேக் போட்டால், அடுத்த தடவைக்குள் சூடு ஆறிவிடும். பந்தயப் பாதையிலோ வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டும். ஆற நேரம் ஏது?

தண்ணீர் செய்யும் வேலை

பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். "டாட் 4" என்ற ரகம், புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறைந்த சூட்டில் கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி அளவிலேயே கொதித்துவிடலாம்.

கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். எண்ணெய் நசுங்காது, குமிழி நசுங்கிவிடும். மிதித்த கால் தரை வரை போகும். ஆனால் கார் நிற்காது! ஊருக்குள் மெதுவாக ஓட்டும் வரை இந்தக் குறை வெளியே தெரியாது. அதுதான் ஆபத்து.

எனவே புதிய எண்ணெய் ஊற்றி, குழாய்களில் காற்று இல்லாமல் வெளியேற்றச் சொல்லுங்கள். பிரேக் பேடுகள் பாதி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

டயரின் வயது

டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். "1023" என்றால், 2023-ம் ஆண்டின் 10-வது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வெடிப்போ, வீக்கமோ இருந்தால் அந்த டயர் வேண்டாம்.

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து பாருங்கள். ஓடிச் சூடேறினால் அழுத்தம் கூடும். சில சுற்றுகள் முடிந்ததும் மறுபடி அளந்து, பயிற்சியாளர் சொல்கிறபடி செய்யுங்கள். சக்கர நட்டுகளையும் அளவாக முடுக்குங்கள்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, பிரேக்கை ஆற விடுங்கள். நிறுத்தியதும் கைப் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

மலையிலும் இதே கதை

இது பந்தயக்காரர்களுக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல. ஊட்டியில் இருந்து குடும்பத்தோடு இறங்கும் கார், பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் அங்கும் எண்ணெய் கொதிக்கலாம். குறைந்த கியரில் இறங்குவதே நல்லது.

அது சரி, உங்கள் காரில் பிரேக் எண்ணெய் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று?