பூட்டுகளின் கதை – 11: இருபது, நாற்பது, அறுபது

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வெர்மிலியன் என்றொரு சிற்றூர். அங்கே 1906-இல் தொடங்கிய பிரன்ஸ்விக் ஹோட்டலின் கனத்த இரும்புப் பெட்டி, 1970களின் கடைசியில் பூட்டியது பூட்டியபடியே நின்றுவிட்டது. ஹோட்டல் கைமாறியது. எண் யாருக்கும் நினைவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெட்டி ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஹோட்டலில் முன்பு வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். கதவு அசைந்துகொடுக்கவில்லை.

2019-இல் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் அதன்முன் மண்டியிட்டார். டயலில் எண்கள் 0 முதல் 60 வரை இருந்தன. வலமாக மூன்று சுற்று சுற்றி 20, இடமாக இரண்டு சுற்று சுற்றி 40, மறுபடி வலமாக ஒரு சுற்றில் 60. கைப்பிடியைத் திருப்பினார். நாற்பது ஆண்டு மூடிக் கிடந்த கதவு திறந்துகொண்டது.

அதிர்ஷ்டம் என்றார்கள். கணக்குப்படி அதுவும் சரிதான்: அறுபது எண்களில் மூன்றைத் தேர்ந்தால் 2,16,000 வழிகள். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ சுற்றவில்லை. டயலை மூன்று சம பங்காகப் பிரித்தார். எண் வைத்தவரும் ஒரு மனிதர்தானே, எளிதாக நினைவில் நிற்பதைத்தானே வைத்திருப்பார்?

பூட்டின் உள்ளே நடப்பது இதுதான். டயலுக்குப் பின்னால் மூன்று சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு. டயலைப் பல சுற்று சுற்றுவது, ஒரு சக்கரம் அடுத்ததைத் தள்ளி மூன்றும் சேர்ந்து சுழல்வதற்காக. பிறகு திசை மாற்றி மாற்றி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்துகிறோம். மூன்று வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால், மேலே காத்திருக்கும் தண்டு அதில் விழும், தாழ் விலகும்.

எண் தெரியாமலும், எதையும் உடைக்காமலும் திறப்பவர்கள் இருக்கிறார்கள். சினிமாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார்களே, அதைவிட விரலுக்கும் கண்ணுக்கும்தான் இங்கே வேலை அதிகம். டயலோடு சுழலும் வட்டில் ஒரு பள்ளம் உண்டு. தண்டைத் தாங்கும் நெம்புகோலின் மூக்கு அந்தப் பள்ளத்தின் இரு கரைகளையும் தொடும் இடங்களை டயலில் குறித்துக்கொள்வார்கள். சக்கரத்தின் வெட்டு தண்டுக்கு அடியில் வரும்போது மூக்கு மயிரிழை தாழும். இரு இடங்களும் சற்றே நெருங்கும். அந்த வேறுபாடு டயலில் ஒரு கோட்டின் சிறு பங்குதான். இரண்டு மூன்று எண்ணுக்கு ஒருமுறை அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்து, எங்கே சரிகிறது என்று பார்ப்பார்கள். மணிக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை. நான் அறிந்த கைத்தொழில்களில் இவ்வளவு பொறுமை கேட்பது அபூர்வம்.

இவ்வளவு நுட்பமான பூட்டையும் மனிதர்கள் எப்படிக் காட்டிக்கொடுத்தார்கள் என்பதற்கு லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வுக்கூடமே சாட்சி. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் 1940களில் அங்கே பெட்டிகளைத் திறந்து பழகினார். 100 எண் கொண்ட டயல். சொல்வதற்குப் பத்து லட்சம் வழிகள். ஆனால் இரண்டு எண் முன்பின் போனாலும் பூட்டு ஏற்றுக்கொள்வதைக் கண்டார். முயல வேண்டியது 8,000 ஆகச் சுருங்கியது. சக விஞ்ஞானி ஒருவரின் பெட்டிகளுக்கு முதலில் பை எண்ணை முயன்றார், திறக்கவில்லை. கணிதத்தின் மற்றொரு புகழ்பெற்ற மாறிலியான 2.71828-ஐ 27-18-28 என்று சுற்றினார், திறந்தது. அங்கிருந்த பெட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, தொழிற்சாலையில் வைத்த எண் மாற்றப்படாமலே இருந்ததாகவும் பின்னர் எழுதினார். அணுகுண்டு ரகசியங்களைக் காத்த பெட்டிகள் அவை!

உங்கள் வீட்டிலோ கடையிலோ எண் மறந்துபோன பழைய பெட்டி இருந்தால், தயவுசெய்து முதலிலேயே கேஸ் கட்டரைக் கூப்பிடாதீர்கள். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் பத்திரங்கள் கருகிவிடும். பெட்டியை வைத்திருந்தவரின் பிறந்த தேதி, திருமண நாள், வீட்டு எண், தயாரிப்பாளர் வைத்த எண், டயலின் சம பங்குகள் என ஒவ்வொன்றாக முயன்று, முயன்றதைத் தாளில் எழுதிவாருங்கள். அதற்கும் திறக்காவிட்டால் எண் பூட்டு பழக்கமுள்ளவரைத் தேடுங்கள்.

வெர்மிலியன் பெட்டிக்குள் தங்கமோ பணமோ இல்லை. ஒரு சம்பளப் பட்டியலும், 1970களின் கடைசியில் எழுதிய உணவக ஆர்டர் புத்தகம் ஒன்றும் இருந்தன. அதில் காளான் பர்கரின் விலை ஒன்றரை டாலர்.

(தொடரும்)