விடியவிடியக் கூத்து, விடிந்தால் ஷிப்டு

திருவள்ளூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கும். கல்யாணத்துக்கு முன் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர்களும், குடும்பம் வந்தபின் அர்ச்சுனன் தபசு போன்ற ஓரிரு இரவுகளோடு நிறுத்திக்கொள்வது உண்டு. ரசனை வற்றிவிடுவதில்லை; தூக்கம்தான் இடிக்கிறது. ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரருக்கு நெய்த அளவுக்கே கூலி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்டு யாருக்காகவும் காத்திருக்காது. கைக்குழந்தை உள்ள வீட்டில் கூத்துக்குப் போவதை முதலில் நிறுத்துவது பெண்கள். கூத்து மட்டுமல்ல, கச்சேரியும் அப்படித்தான்: சென்னை மார்கழிக் கச்சேரிக்குத் திருத்தணியிலிருந்து மின்சார ரயில் இருக்கிறது. திரும்பி வருவதுதான் பாடு. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு சிலர் மறுபடி கூத்துக்குப் போய்ப் பாய் விரித்து முன்னால் உட்காருகிறார்கள். மற்றவர்களுக்குத் துரியோதனன் படுகளம் இருக்கிறது; அது நடப்பது பகலில்.